பழைய லென்ஸை விற்க அவசரப்பட வேண்டாம்

பிலிம் கேமராவிலிருந்து டிஜிட்டலுக்கு மாறுபவர்கள் மெகாபிக்சலைப் பார்த்து கேமரா வாங்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் முதலில் பீரோவில் இருக்கும் லென்ஸைப் பார்க்கச் சொல்வேன். நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வரை தொடர்ந்தது. ஆனால் மாட்ட முடிந்தால் மட்டும் போதாது. நிக்கானின் விலை குறைந்த டி3000, டி5000 வரிசை பாடிகளில் (லென்ஸ் இல்லாத கேமரா) ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த மோட்டாரை நம்பியிருக்கும் பழைய ஏ.எஃப்.-டி ஆட்டோஃபோகஸ் லென்ஸ் போட்டால் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். செகண்ட் ஹேண்டில் நல்ல டி7000 கிடைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கையால் ஃபோகஸ் செய்யும் பழைய ஏ.ஐ. லென்ஸுக்கும் அதில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யும். கேனான்காரர்கள்தான் பாவம், 1987-இல் இ.எஃப். மவுண்ட் வந்ததும் அதற்கு முந்தைய எஃப்.டி. லென்ஸ்கள் அம்போ. மிரர்லெஸ்ஸில் (கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) அடாப்டர் வளையம் போட்டு ஓட்டலாம்.

அப்புறம், மேலே சொன்ன நிக்கான் பாடிகளில் படம் பதியும் சென்சார் பிலிமைவிடச் சிறியது. 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். முகம் எடுக்க அருமை. வீட்டுக்குள் குரூப் போட்டோ என்றால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் அகலமாகவும் பிடிக்கும் 18-55 மி.மீ. கிட் லென்ஸையும் (கேமராவோடு சேர்த்து விற்பது) சேர்த்தே வாங்குங்கள். இன்னொன்று, வெளிச்சம் கொஞ்சம் கூடினால் பிலிம் நெகட்டிவ் தாங்கும். டிஜிட்டலில் வெள்ளை வேட்டி ஒரேயடியாக வெளுத்துவிட்டால் மடிப்பு திரும்பி வராது, அதனால் வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தே எடுங்கள்.