"ஒண்ணும் பண்ணாது" என்கிற பதில் இனி வேண்டாம்

வெள்ளிக்கிழமை விடியற்காலை எங்கள் தெருவில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட் எப்படியும் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் மறுபடி எழுதவில்லை. பால் கேனோடு சொசைட்டிக்குப் போன அக்காவை நாய் துரத்தியது, விழுந்தார், கெண்டைக்காலில் பல் இறங்கியது, பால் முழுக்க ரோட்டில். இதுவரைக்கும் யாருக்கும் மறுப்பு இல்லை. என்னை எழுத வைத்தது அதற்கு அப்புறம் குழுவில் வந்த பேச்சு. "அக்கா கையில கம்பு இருந்துச்சு, அதைப் பார்த்துத்தான் நாய் மிரண்டுடுச்சு" என்று ஒருவர். "ஓடினா துரத்தத்தாங்க செய்யும், நின்னிருக்கணும்" என்று இன்னொருவர். நாயின் சொந்தக்காரர் ஒரே வரிதான் போட்டார்: "அது ஒண்ணும் பண்ணாது, எல்லாருக்கும் தெரியுமே." அதற்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டினவர்களில் என் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற நேரத்தில் இப்படி எழுத எப்படி மனசு வந்தது?

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நாய் வளர்க்கிறீர்களா, உங்கள் கேட்டுக்குள் வளருங்கள். ரோட்டுக்குக் கூட்டி வந்தால் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். இதை நான் எத்தனையோ தடவை நேரிலும் குழுவிலும் சொல்லியிருக்கிறேன், தன்மையாகத்தான் சொன்னேன், இனியும் சொல்வேன்.

ஒண்ணும் பண்ணாது என்றால் யாரை? உங்களை ஒன்றும் பண்ணாது. சோறு போடுகிறீர்கள், தடவிக் கொடுக்கிறீர்கள், அது உங்களைக் கண்டால் வாலை ஆட்டும். இருட்டில் கேன் கடகடவென்று சத்தம் போட வருகிற ஆளை அது அப்படிப் பார்க்குமா? கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் இந்தப் பக்கத்து ஊர்களில் ஐந்து மணிக்கு ரோட்டில் நடப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பால் ஊற்றப் போகிறவர்கள், கள் இறக்கப் போகிறவர்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்கு முதல் பஸ் பிடிக்கிறவர்கள், ட்யூஷனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகள். கார் வைத்திருக்கிறவரை நாய் கடிப்பதில்லை. நடந்து போகிறவரைத்தான் கடிக்கிறது. குழுவில் நாய்க்கு வக்காலத்து வாங்கினவர்களில் ஒருவராவது அந்த நேரத்தில் அந்த ரோட்டில் நடக்கிறவரா? நடக்கிறவர்கள் அந்தக் குழுவிலேயே இல்லை.

அப்புறம் அந்தக் கம்பு. அக்கா பல வருஷமாக அதே வழியில் அதே கேனோடு வெறுங்கையோடுதான் போனார். இந்த நாய் வந்த பிறகுதான் கம்பு எடுத்தார். கம்பைப் பார்த்து நாய் வரவில்லை, நாயைப் பார்த்துத்தான் கம்பு வந்தது.

"உனக்கு நாய் பிடிக்காது, அதான் இப்படி எழுதறே" என்று நாளைக்கு ஒருத்தர் வருவார். என் அம்மாயி வீட்டுத் தோட்டத்தில் நாய்களோடு வளர்ந்தவள் நான். எனக்கு நாய் பிடிக்கும். ஆனால் அந்தத் தோட்டத்தில் நடந்த ஒன்றை நான் மறக்கவில்லை.

அம்மாயியின் பசு ஒன்று திடீரென்று தீனி எடுப்பதை நிறுத்தியது. வாயில் நுரை, எச்சில் கயிறு போலத் தொங்கியது, குரல் மாறிப்போய் விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், தேங்காய் மட்டையோ மாங்கொட்டையோ என்று. மாமா வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. கால்நடை டாக்டர் வந்து பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி, "எப்பவாவது நாய் கடிச்சுதா?" சில வாரம் முன்னால் யாரோ வளர்த்த நாய் ஒன்று கட்டுத்தறிப் பக்கம் வந்து மாட்டின் காலைப் பிடித்ததை அப்போதுதான் அம்மாயி சொன்னார். பசு செத்தது. அதன் பக்கத்தில் போன அத்தனை பேருக்கும், எனக்கும் சேர்த்து, தொப்புளைச் சுற்றி ஊசி. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து அது, இப்போது இல்லை. வயிறு கல்லாகக் கட்டிப்போய்க் குனிய முடியாமல் கிடந்தோம். மாமாதான் ரொம்பப் பயந்தார், கையில் சோளத்தட்டு கிழித்த சிராய்ப்பு இருந்தது. ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்துப் பார்ப்பார், தொண்டையில் இறங்குகிறதா என்று. அந்த நாயின் சொந்தக்காரரும் முதல் நாள் சொன்னது, "நம்ம நாய் அப்படியெல்லாம் பண்ணாதுங்க."

வெறிநாய்க்கடி நோய்க்கு அறிகுறி வந்த பிறகு மருந்து இல்லை. வந்தால் ஏறக்குறைய எல்லோரும் சாவுதான். இது யாரையும் பயமுறுத்தச் சொல்வதில்லை, எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். பார்க்க நல்லா இருக்கிற நாயின் எச்சிலிலும் அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே கிருமி இருக்கலாம். அதனால்தான் கடித்த நாயைக் கட்டிப்போட்டு 10 நாள் கவனிக்கச் சொல்கிறார்கள். இப்போது நம் தெருவில் என்ன நடக்கிறது? கடித்த நாய் நேற்றும் அவிழ்ந்துதான் திரிந்தது. தடுப்பூசிச் சீட்டைக் கேட்டதற்கு "எங்கயோ வச்சிருக்கேன்" என்று பதில். நாய்க்குப் போடுகிற ஊசி மூன்று மாதக் குட்டியில் தொடங்கி வருஷா வருஷம் போட வேண்டியது. போட்டிருந்தால் அந்தச் சீட்டுக்கு இவ்வளவு நேரம் ஆகுமா?

அக்காவுக்கு என்ன ஆனது என்று குழுவில் ஒருத்தரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். காயத்தை வீட்டில் காபித்தூள் வைத்து அமுக்கியிருந்தார்கள். நான் போய்த்தான் கழுவச் சொன்னேன். இது எல்லோருக்கும்தான்: நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அந்தக் கிருமியின் மேல் கொழுப்புப் படலம் இருக்கிறது, சோப்பு அதை உடைத்துவிடும். முதலில் போன ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இருந்தது, ரத்தம் வந்த காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய சீரம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போனோம். அன்றைக்குப் போட்டது முதல் ஊசி, அப்புறம் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போகும், மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும். நாய்க்காரர், "செலவை நான் கொடுத்துடறேன்" என்று யாரிடமோ சொல்லி அனுப்பியிருக்கிறார். சரி, கொடுக்கட்டும். அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? நாலு வீடு தள்ளித்தானே இருக்கிறது.

ஊசி போட்டாச்சே, இனி என்ன என்பவர்களுக்கு ஒன்று. 2022இல் நம் பாலக்காடு மாவட்டத்திலேயே கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி, ஊசியெல்லாம் முறையாகப் போட்டும் ஒரு மாதத்தில் இறந்துபோனாள். கடித்தது பக்கத்து வீட்டு நாய். ஊசியால் பயனில்லை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், லட்சக்கணக்கானவர்கள் உயிரோடு இருப்பது அந்த ஊசியால்தான், மிக அபூர்வமாகத்தான் அது தவறும். ஆனால் அந்த அபூர்வத்தில் நம் வீட்டுப் பிள்ளை மாட்டாது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவீர்கள்?

"தெருநாய் நூறு திரியுது, அதை விட்டுட்டு இவர் நாயைப் பிடிச்சுக்கிட்டே" என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்கள் விஷயமாக உச்ச நீதிமன்றம் முதலில் எல்லாவற்றையும் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி, பத்துப் பதினைந்து நாளுக்குள் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றது. அப்போதிருந்து எதைப் பேசினாலும் அந்தத் தீர்ப்பைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அது ஆளில்லாத நாய்களைப் பற்றியது. உங்கள் நாய்க்கு ஆள் இருக்கிறது, நீங்கள்தான். 2023இல் வந்த விலங்குக் கருத்தடை விதிகளிலேயே வளர்ப்பு நாயின் தடுப்பூசி சொந்தக்காரர் பொறுப்பு என்று இருக்கிறது. அதுமட்டுமா, ராத்திரி அவிழ்த்துவிட்ட நாய் எங்கே போகிறது? தெருநாய்க் கூட்டத்தோடுதான். கடிபட்டு வருவதும் அங்கே, குட்டி போட வைப்பதும் அங்கே. போன மழைக்கு வாய்க்கால் ஓரம் கண் திறக்காமல் கிடந்த குட்டிகளின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டிப்போடுவது கொடுமை என்கிறார்கள். நாள் முழுக்க ஒரு முழக் கயிற்றில் கட்டிப்போட்டால் கொடுமைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் காம்பவுண்டுக்குள் விடுங்கள், காலையும் மாலையும் கயிறு பிடித்து நடத்துங்கள். அதற்கு நேரமில்லை என்றால் நாய் எதற்கு? தேங்காய்த் திருட்டுக்குக் காவல் என்கிறார்கள். காவல் நாய் தோப்புக்குள்ளே அல்லவா இருக்க வேண்டும், சொசைட்டி வாசலில் அதற்கு என்ன வேலை?

நம் ஊரில் ஒருத்தர் மாடு அவிழ்ந்துபோய் இன்னொருத்தர் தென்னங்கன்றைக் கடித்துவிட்டால் என்ன செய்கிறோம்? மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, மாட்டுக்காரரைக் கூப்பிட்டு நஷ்டத்தைக் கேட்கிறோம், அவரும் தலையைச் சொறிந்துகொண்டே கொடுக்கிறார். "மாடு ஒண்ணும் பண்ணாது, கன்னுதான் வழியில நின்னுது" என்று யாரும் சொன்னதில்லை. தென்னங்கன்றுக்கு இருக்கிற மதிப்பு ஒரு பெண்ணின் காலுக்கு இல்லையா?

இதில் என்னை ரொம்ப வேதனைப்படுத்தியது வேறொன்று. "அவர் மலையாளி, நீங்க தமிழ் ஆளுங்க, அதான் வேணும்னே கிளப்பறீங்க" என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். இந்த எல்லையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஓணத்துக்கு நாய்க்காரர் வீட்டுப் பாயசம் எங்கள் வீட்டுக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும், என் மகள் அந்த வீட்டு வராந்தாவில்தான் மலையாளம் எழுதப் படித்தாள். "ஒன்னும் செய்யில்லா சேச்சீ" என்று அவர் சொன்னாலும் "ஒண்ணும் பண்ணாதுங்க" என்று என் சொந்த மாமா சொன்னாலும் எனக்கு ஒன்றுதான், இரண்டையும் ஏற்க மாட்டேன். இப்போது அந்த வீட்டுச் சேச்சி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நான் என்ன கேட்டுவிட்டேன், ஒரு கயிறு. அதற்காக இத்தனை வருஷப் பழக்கத்தை வெட்டிக்கொள்ள முடிகிறது என்றால், அந்தப் பழக்கம் நாங்கள் வாயைத் திறக்காமல் இருக்கிறவரைக்கும்தானா? குறை சொல்கிறவர்தான் ஊரில் கெட்டவர் ஆகிறார், எப்போதும். கடிபட்ட அக்காவே என்னிடம், "விடு அம்மணி, அவங்களைப் பகைச்சுக்கிட்டு இங்க இருக்க முடியுமா" என்கிறார். கடித்த வலியைவிட இவருக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. அவர் மாட்டுக்குப் புல் அறுப்பதே நாய்க்காரரின் தோப்பில்தான், அதுதான் காரணம். இது தெரிந்துதான் எல்லோரும் பேசாமல் இருக்கிறீர்கள்.

"பக்கத்து வீட்டுக்காரரோட பேசித் தீர்த்துக்க வேண்டியதுதானே, சட்டம் எதுக்கு" என்பவர்களே, பேசிப் பேசித்தான் இங்கே வந்து நிற்கிறோம். கேரளத்தில் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிகள்படி நாய் வளர்க்கப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும், அதற்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஆளுக்கு ஆபத்து வரும்படி தன் விலங்கைக் கவனக்குறைவாக விடுவது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேற்று முளைத்த சட்டமும் இல்லை, பழைய தண்டனைச் சட்டத்தில் 289 என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருந்ததுதான். யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆசை இல்லை. நாய் கேட்டுக்குள் இருந்தால் போதும்.

பஞ்சாயத்து செயலருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் மனு எழுதிவிட்டேன், தமிழிலும் மலையாளத்திலும். இரண்டு கோரிக்கைதான். அந்த நாயின் லைசென்ஸையும் தடுப்பூசிச் சான்றையும் பார்க்க வேண்டும். 10 நாள் முடிகிறவரை அதைக் கட்டிவைத்துக் கவனிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அக்காவைக் கையெழுத்துப் போடச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை, அவர் நிலைமை எனக்குத் தெரியும். மற்றவர்கள் போடலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் மனு எங்கள் வீட்டில் இருக்கும். கட்டைவிரல் தூக்கினவர்களும் வரலாம். திங்கட்கிழமை அக்காவை அடுத்த ஊசிக்குக் கூட்டிப் போகிறேன், அப்போது மனுவைக் கொடுத்துவிட்டு வருவேன், கையெழுத்து ஒன்று இருந்தாலும் சரி.