சுவரை உடைக்கும் நாளில் ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும்

பல்கலைக்கழக வளாகங்களில் உள்ள பழைய கட்டடங்களைப் பற்றிய பேச்சு எப்போதும் இடிப்பதா, வேண்டாமா என்பதோடு நின்றுவிடுகிறது. என் கவலை வேறு. இடிபடாமல் தப்பிய கட்டடங்களே, ஒவ்வொரு விடுமுறையிலும் நடக்கும் பழுதுபார்ப்பில், ஒரு வரிக் குறிப்புகூட இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமற்போகின்றன.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஜெஃபர்சன் வடிவமைத்த ரோட்டண்டா என்ற வட்டக் கட்டடம் 1895இல் தீக்கிரையாகி, பிறகு மீண்டும் கட்டப்பட்டது. 1970களில் நடந்த சீரமைப்பில் அதன் கீழ்த்தளச் சுவரில் இரண்டு சிறிய அடுப்புக் குழிகள் தென்பட்டன. விஷயம் அத்தோடு நின்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அடுத்த சீரமைப்புக்காகச் சுவரின் உட்குழிவுகளைச் சோதித்தபோதுதான், அவை வேதியியல் பாடத்துக்கென அமைக்கப்பட்ட பெரிய அடுப்பு ஒன்றின் பகுதிகள் என்பது வெளிப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யாரோ அதைச் செங்கல் வைத்து அடைத்திருந்ததால்தான் அது தீயிலிருந்தும் தப்பியிருக்கிறது. அவ்வளவு புகழ்பெற்ற கட்டடத்திலேயே இப்படியென்றால், குளிர்சாதனக் குழாய்க்காக ஒரே மாலையில் துளையிடப்படும் சாதாரண வகுப்பறைச் சுவருக்குள் என்ன இருந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவரிலுள்ள ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் ஓரமாக நகர்ந்து, ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தேய்த்தாலே செங்கல் பொடியாக உதிர்கிறது. சில ஆண்டுகளில் அதைப் பார்க்கும் பொறியாளர், சுவருக்கு வயதாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போகிறார். எந்த ஆண்டில், எந்த இடத்தில், என்ன கலவை பூசப்பட்டது என்ற குறிப்பு இருந்திருந்தால் பழி சுவரின் மேல் விழுந்திருக்காது.

ஆவணம் என்றதும் நிர்வாகங்கள் வெளியிடுவது நூற்றாண்டு மலர்தான்: முகப்பு, தூண்கள், அந்தி வெளிச்சம். கட்டடத்தின் பின்புறமும், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் வழியும், பிற்காலத்தில் சேர்த்த தடுப்புச் சுவர்களும் அதில் வருவதே இல்லை. பிற்காலச் சேர்க்கைகள் அசிங்கமாக இருக்கலாம், ஆனால் அவையும் வரலாறுதான்; நீக்குவதாக இருந்தாலும் அளந்து, வரைந்து, படமெடுத்துவிட்டுத்தான் நீக்க வேண்டும். லேசர் ஸ்கேன் செய்துவிட்டோம் என்று பெருமைப்படுபவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் இருபது ஆண்டுகள் கழித்தும் இருக்குமா? காகிதத்தில் அச்சிட்ட அளவை வரைபடம் ஒன்று நூலகத்தில் இருக்கட்டும்.

ஆவணம் காப்பாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளாஸ்கோ கலைப்பள்ளியின் மெக்கின்டாஷ் கட்டடம் 2014இல் எரிந்தது. அக்கறையோடு மீட்டுக்கொண்டிருந்தபோதே 2018இல் அதைவிடப் பெரிய தீ வந்தது. பழுதுபார்ப்புக் காலமே ஆபத்தான காலம் என்பதால்தான், பதிவு வேலை ஒப்பந்தக்காரர் உள்ளே வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்கிறேன். கட்டடக்கலை, வரலாறு, கட்டடப் பொறியியல் மாணவர்கள் அதே வளாகத்தில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் எங்கே கிடைக்கும்?

ஒருமுறை ஒரு பழைய கட்டடத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். அதிலிருந்த படிக்கட்டு கட்டடத்தில் இல்லை. ஓய்வுபெறும் நிலையில் இருந்த மின்பணியாளர் ஒருவர்தான் என்னை ஒரு சாமான் அறைக்கு அழைத்துச்சென்று, அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஏறிப்போகும் படிகளின் தடத்தைக் காட்டினார். வரைபடத்தின் ஓரத்தில் அதைப் பென்சிலால் குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். மறு ஆண்டு போனபோது அந்த அறைக்குப் புதுப் பூச்சு பூசியிருந்தார்கள். வரைபடம் எங்கே என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.