புதிது கேட்கும் ஆசை அத்தேனேயிலும் இருந்தது

வாலிபர் சபைக்கு வரவேண்டுமானால் பிரசங்கமும் காலத்துக்கேற்ப மாறவேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு உடனே வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தார் புதிதாக எதையாவது சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைப் போக்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அங்கே பிரசங்கித்த அப்போஸ்தலன் பவுல் அவர்களுடைய கவிஞர்களின் வரியையே எடுத்துப் பேசினார். சரி, அவர்களுக்குப் புரியும்படி பேசினார். ஆனால் இயேசுவின் உயிர்த்தெழுதலை விட்டுவிடவில்லை. சிலர் கேலி செய்தார்கள், அப்புறம் கேட்கிறோம் என்று சிலர் சொல்லிவிட்டார்கள். தியொனீசியுவும் தாமரி என்ற பெண்ணும் வேறு சிலரும் விசுவாசித்தார்கள்.

கருவி புதிதாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. 1715இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது அந்த அச்சகமே இங்கே புதுமைதான். அதில் அச்சான சுவிசேஷம் பழையது.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் விளையாட்டுகளைக் குறைத்துவிட்டு பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 16 அதிகாரங்களையும் வரிசையாக வாசித்தோம். பாவம், கிருபை, நீதிமானாக்கப்படுதல் என்று ஒன்றையும் தாண்டிப் போகவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் நான்கு வாரம் நின்றோம், அவ்வளவு கேள்விகள். பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்று நாமே முடிவு செய்துவிட வேண்டாம், ஐயா.