எட்டு நிமிடத்தில் என்ன தெரியும்?

ஐஸ் ஹாக்கியில் இரண்டாம் நிலை லீக்கான ஏஎச்எல்லில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பையனை, உச்ச லீக்கான என்எச்எல் அணிக்குக் கூப்பிடுகிறார்கள். குறைந்த நேரமே களமிறங்கும் நான்காவது வரிசையில் போட்டு ஏழெட்டு நிமிடம்தான் தருகிறார்கள். ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம், உடனே மறுபடி பெஞ்ச். நேற்றும் அப்படித்தான். களத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் ஒரே ஒரு தடவை பக் (ஆடும் ரப்பர் வட்டு) கைநழுவிப் போனது. அதன் பிறகு கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியட் முழுக்க ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தே இருந்தான். இன்று காலையிலேயே ரசிகர்கள் "இவன் தேறமாட்டான், அனுப்பிவிடுங்கள்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கவே வயிறு எரிகிறது.

என்எச்எல் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், டெட்ராய்ட் அணி 1998இல் பாவெல் டாட்சுக்கை 171ஆவதாக எடுத்தது. அடுத்த ஆண்டு ஹென்ரிக் செட்டர்பெர்க், 210ஆவது! யாரும் அவசரப்படவில்லை. ஒருவர் ரஷ்யாவில், மற்றவர் ஸ்வீடனில், தலைக்கு மூன்று வருடம் ஆடித் தேறிய பிறகுதான் வந்தார்கள். 2008இல் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணிக்கு முதுகெலும்பே அவர்கள்தான். மார்ட்டின் செயின்ட் லூயியை டிராஃப்ட்டில் எவருமே தொடவில்லை. கால்கரி அணியும் வேண்டாம் என்று விட்டது. 2004இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை வாங்கினார், தம்பா பே அணியின் சட்டையில்.

சரி, எல்லோரும் டாட்சுக் ஆகிவிட மாட்டார்கள், தெரியும். ஆனால் இருபது வயதுப் பையனுக்கு நல்ல ஜோடியோடு முப்பது ஆட்டமாவது கொடுத்துப் பார்க்கக் கூடாதா? சில வருடம் கழித்து வெய்வர்ஸில் (கீழே அனுப்பப்படும் வீரரை வேறு அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில்) வேறு அணி அள்ளிக்கொண்டு போனதும், "இவனை ஏன் விட்டார்கள்?" என்று கேட்கப்போவதும் இதே ஆட்கள்தான்.