முதல் மின்சார ரயில் ஓடிய தடத்துக்கு மட்டும் எல்லாமே ஏன் கடைசியில்?

2025 பிப்ரவரி 3-ஆம் தேதி, இந்தியாவில் மின்சார ரயில் ஓடத் தொடங்கி நூறு வருடம் ஆனது. அன்றைக்கு முழுக்க வாட்ஸப்பில் பழைய படங்கள் வந்துகொண்டே இருந்தன, எங்கள் வீட்டு குரூப்பிலும்தான். பார்த்தவர்களில் பலர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை என்று தோன்றியது. அந்த முதல் வண்டி 1925-ல் மும்பையில் ஓடியது தாதர் வழியாகப் போகிற மெயின் லைனில் இல்லை. விக்டோரியா டெர்மினஸிலிருந்து (இன்றைய சிஎஸ்எம்டி) குர்லாவுக்கு, நம் ஹார்பர் லைனில்.

நான் செம்பூர்க்காரி. பிறந்ததிலிருந்து இந்த லைன்தான். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

செம்பூர் ஸ்டேஷனின் கதை குப்பையில் தொடங்குகிறது. 1906-ல் குர்லாவிலிருந்து இங்கே தண்டவாளம் போட்டது ஆட்களுக்காக இல்லை, பம்பாய் நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுவதற்காக. கச்ரா டிரெயின் ஓடிய பாதை இது. பயணிகளுக்கு 1924-ல்தான் திறந்துவிட்டார்கள். அடுத்த வருடமே மின்சார வண்டி வந்தது, ஆனால் அது குர்லாவோடு நின்றுகொண்டது. அப்புறம் பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்திக் குடும்பங்கள், டிராம்பே பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், அணு ஆராய்ச்சி மையம், உரத் தொழிற்சாலை என்று ஊர் பெருகியது. அந்த வேலைகளைத் தேடி வந்தவர்களில் நம் ஆட்கள் நிறைய. செட்டா நகர் முருகனுக்குத் திருச்செம்பூர் முருகன் என்றே பெயர் நிலைத்துவிட்டது, அவ்வளவு தூரம் இந்த ஊரை நம் ஊர் ஆக்கிக்கொண்டோம்.

அப்பா 1974-ல் வந்தார். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவர் சொல்லித்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அப்போது இந்தப் பக்கம் லைன் மான்குர்த்தோடு முடிந்துவிடும். வண்டி அங்கே கிளம்பி, கோவண்டி, அடுத்தது செம்பூர். மூன்றாவது ஸ்டேஷன் என்பதால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் நாலாவது சீட்டாவது நிச்சயம். (மூன்று பேர் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்போடு தொங்குகிற அந்த நாலாவது சீட்டைப் பற்றி மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) சீட்டில் உட்கார்ந்து சுருக்கெழுத்துப் பயிற்சி செய்தேன் என்பார் அப்பா. இன்றைக்கு அந்த வண்டியில் கையைத் தூக்கி மூக்கைச் சொறிய முடியாது.

1992 மே மாதம் கடலுக்கு மேல் பாலம் போட்டு வாஷி வரை ரயில் போனது. பிறகு பேலாப்பூர், பன்வேல். நவி மும்பை என்று ஒரு முழு நகரம் இந்த இரண்டு தண்டவாளத்தை நம்பி எழுந்தது. நல்லதுதான், என் தங்கையே நெருலில் இருக்கிறாள். ஆனால் நகரத்தை நீட்டியவர்கள் தண்டவாளத்தை இரட்டிப்பாக்கவில்லை. மெயின் லைனில் கல்யாண் வரை நாலு டிராக், அதனால் ஸ்லோ தனி, ஃபாஸ்ட் தனி. ஹார்பரில் இரண்டே டிராக். பன்வேலிலிருந்து வருகிற வண்டியும் எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்றுதான் சிஎஸ்எம்டி போக வேண்டும், அது செம்பூருக்கு வரும்போதே நிரம்பி வழிகிறது.

இப்போது ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். 1925-ல் 1500 வோல்ட் டிசி (நேர்) மின்சாரத்தில் முதல் வண்டி ஓடியது இந்த லைனில். பிற்பாடு அதை 25,000 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரத்துக்கு மாற்றினார்கள். வெஸ்டர்ன் லைனில் 2012-ல் முடிந்தது, சென்ட்ரல் மெயின் லைனில் 2015-ல். ஹார்பரில் 2016 ஏப்ரல் வரை இழுத்தது, மும்பையின் கடைசி டிசி லோக்கல் குர்லாவிலிருந்து சிஎஸ்எம்டி-க்கு இதே தடத்தில்தான் ஓடியது. பன்னிரண்டு பெட்டி வண்டி நமக்கு வந்ததும் அதே 2016-ல். அதுவரை ஒன்பது. மற்ற இரண்டு லைன்களில் அதற்குப் பல வருடம் முன்பே பதினைந்து பெட்டி வண்டிகளே ஓடத் தொடங்கியாகிவிட்டது.

ஒன்பது பன்னிரண்டானபோது ஒரு வண்டியில் மூன்றில் ஒரு பங்கு இடம் கூடியது. முதல் சில மாதங்கள் லேடீஸ் டப்பாவில் மூச்சு விட முடிந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெட்டியைக் கூட்டினால் பலன் கிடைக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பதினைந்து பெட்டிக்குப் பிளாட்ஃபார்ம் நீளம் போதாது என்பார்கள், உண்மைதான், சிஎஸ்எம்டி-யில் ஹார்பருக்கு இருப்பது 1, 2 என்று இரண்டே பிளாட்ஃபார்ம். ஆனால் பன்னிரண்டு பெட்டிக்காக அதையே வேலை செய்து நீட்டினார்கள் அல்லவா? முடியாத காரியம் இல்லை.

இதைச் சொன்னால் உடனே மோனோ ரயில் வந்ததே, மெட்ரோ வருகிறதே என்கிறார்கள். மோனோ 2014-ல் செம்பூரிலிருந்து வடாலாவுக்குத் திறந்தபோது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏறினோம், மேலிருந்து பார்க்க அழகாக இருந்தது. அதற்கப்புறம் ஆபீஸுக்குப் போக ஒரு நாளும் அது எனக்கு உதவவில்லை. மெட்ரோ வரட்டும், சந்தோஷம். ஆனால் கோவண்டியிலிருந்தும் மான்குர்த்திலிருந்தும் காலை ஐந்தரைக்கு வீட்டு வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் கிளம்புகிற பெண்கள் 5 ரூபாய் டிக்கெட்டையும் மாத பாஸையும் நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்கள் லோக்கலை விட்டு எங்கேயும் போகப் போவதில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. மாட்டுங்காவுக்குப் பூ வாங்கவும் கோயிலுக்கும் போக ஆசை. ஹார்பரில் மாட்டுங்கா கிடையாது, குர்லாவில் இறங்கி, கூட்டத்தோடு பாலம் ஏறி, மெயின் லைன் ஸ்லோ பிடிக்க வேண்டும். அந்தப் பாலத்தை நினைத்தே இரண்டு வருடமாகப் போகவில்லை. ஊருக்கு வண்டி பிடிக்க எல்டிடி (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) போவதற்கு மட்டும் அவளுக்குக் கவலை இல்லை, திலக் நகர் அடுத்த ஸ்டேஷன்தானே.

நான் கேட்பது இரண்டுதான். ஹார்பருக்குப் பதினைந்து பெட்டி. அதோடு காலை ஏழரையிலிருந்து பத்துக்குள் மான்குர்த்திலிருந்து காலியாகக் கிளம்புகிற வண்டிகள் சில. செம்பூர், கோவண்டி, திலக் நகர், ஜிடிபி நகர் பக்கம் இருக்கிறவர்கள், இந்த வாரம் எந்த வண்டியில் ஏற முடியாமல் விட்டீர்கள் என்று நாள், நேரத்தோடு கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மனுவோடு சேர்த்து அனுப்பப் போகிறேன். என்னுடையது: செவ்வாய், காலை 8.47, பன்வேலிலிருந்து வந்தது. அடுத்ததிலும் ஏற முடியவில்லை.