ஆளாளுக்கு ஒரு பதவி, அப்புறம் எங்கேர்ந்து ஒத்துழைப்பு?

நேத்து நம்ம குரூப்ல ஒரு லிஸ்ட் கேட்டதுக்கு நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க, திரும்ப சொல்லி அசிங்கப்படுத்தல. நம்மள்ல நாலு பேருக்கு ஒருங்கிணைப்பாளர்னு பட்டம் குடுத்தாலும் குடுத்தோம், ஒருத்தர்கிட்ட இருக்கற லிஸ்ட் இன்னொருத்தருக்குப் போகமாட்டேங்குது. போன மாசம் வரைக்கும் அர்த்த ராத்திரிலயும் "விடுங்க நான் பாத்துக்கறேன்"னு சொன்ன அதே ஆளுங்கதான்.

யாரையும் கெட்டவங்கன்னு சொல்லல. அதிகாரம் கைல இருக்குன்னு தோண ஆரம்பிச்சாலே சேர்ந்து வேலை செய்யற மனசு கொறைஞ்சுடுது, அதைத்தான் சொல்றேன். 2016ல ஹில்ட்ரெத், ஆண்டர்சன்னு ரெண்டு பேர் இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. முதல்ல சில பேரை தலைவரா ஆக்கி இன்னொருத்தரை வேலை வாங்க விட்டாங்க, அப்புறம் அந்த தலைவருங்களையே ஒண்ணா உக்கார வச்சு ஒரு வேலை குடுத்தா, மத்த குழுக்களை விட மோசமா பண்ணாங்க. யாரு பெரியவங்கன்னு முட்டிக்கிட்டாங்க, தெரிஞ்ச தகவலைக்கூட சரியா பகிர்ந்துக்கல. ஆனா அதிகாரத்துல இருந்தவங்க தனியா செஞ்சப்போ சோடை போகல, சேர்த்து வச்சாதான் வம்பு. நம்ம குரூப்பை வந்து பாத்துட்டு எழுதுன மாதிரி இல்ல?

நான் முன்னாடி வேலை பாத்த எடத்துல எனக்குப் பக்கத்து சீட்ல ஒருத்தர், கேக்காமயே ஃபைல் அனுப்புவார், என் வேலையும் சேர்த்து செய்வார். டீம் லீட் ஆனாரு. அடுத்த வாரம் ஒரு ரிப்போர்ட் கேட்டா, மூஞ்சியைக்கூட திருப்பாம "மெயில் போடுங்க"ன்னாரு. கை நீட்டுனா தொடற தூரம்ங்க!

"யாராவது ஒருத்தர் முடிவெடுக்கணும்ல"ன்னு வருவீங்க. எடுக்கட்டும், ஒருத்தர் எடுக்கட்டும், நாலு பேர் நாலு முடிவு எடுத்து நாலையும் பூட்டி வச்சிக்கறதுக்குப் பேரு நிர்வாகமா? "எல்லாரும் அப்படி இல்ல"ம்பீங்க, அதுவும் சரிதான், அடுத்தவங்களை நெனச்சுப் பாக்கற சுபாவம் உள்ளவங்களுக்கு அதிகாரம் வந்தா பொறுப்பு கூடுதுன்னு 2001லயே ஒரு ஆய்வு வந்திருக்கு. சந்தோஷம். அந்த மாதிரி ஆளு நேத்து ஏன் ஆன்லைன்லயே வரல?

அப்புறம் இன்பாக்ஸ்ல வந்து ஒரு மகானுபாவர், "உனக்குப் பதவி கிடைக்கலன்னு வயித்தெரிச்சல்"னாரே. ஆமா சார், எரியுது. போஸ்டர் ஒட்டுனதுலேர்ந்து கணக்கு எழுதுனது வரைக்கும் பாத்தவ நான், லிஸ்ட் கேட்டா "நீங்க எந்த பொறுப்புல இருந்து கேக்கறீங்க"ன்னு பதில் வந்தா எரியாம என்ன பண்ணும்?