தண்ணீர்ப் பை கட்டினால் கோழிக் கொட்டகையில் ஈ வராதா?

"பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, ஒரு ரூபாய் நாணயம் போட்டு கொட்டகை வாசலில் தொங்கவிடுங்கள், ஈ அண்டாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஈ பெருகுவது உள்ளே கிடக்கும் ஈர எச்சத்தில், அதை அப்படியே விட்டுவிட்டு வாசலில் பை கட்டி என்ன பயன்?

ஒரு பெண் ஈ ஒரு தடவையில் சுமார் நூறு முட்டை இடும், வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளுக்குள் அவை பறக்கும் ஈயாகிவிடும், அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது எச்சத்தை அள்ளியே ஆக வேண்டும். தண்ணீர் வைக்கும் இடத்துக்கு அடியில் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள், நனைந்த உமி கட்டியாகி அதற்குள் வெள்ளைப் புழு நெளியும். முதலில் அந்த ஒழுகலை நிறுத்துங்கள், அப்புறம் உமியை மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த எருவில் புழு பிழைக்காது.

பை பலிக்கவில்லை என்று வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கோழி மேலேயே அடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், கோழி சாகலாம், முட்டையிலும் விஷம் ஏறும். ஈ மட்டுமல்ல, கோழியின் ரத்தம் குடிக்கும் சிறு பூச்சியான சிவப்பு உண்ணியும் இருக்குமோ என்று சந்தேகமா? பகலில் அது கட்டை இடுக்கில் பதுங்கிவிடும், இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள், இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள்.